பூக்கட்டிப் பார்க்காத வெள்ளிக்கிழமை

எங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் ஏறாது. அக்கராயன் குளத்தின் கீழுள்ள காணிகள் பெரும்பாலும் மதகைத் திறந்தால் நனைந்துவிடும். எங்களுடையது மேட்டில், வாய்க்காலுக்கு அப்பால், காட்டோரமாகக் கிடக்கிறது. மழையை விட்டால் அதற்கு வேறு தண்ணீர் இல்லை. ஆவணிக் கடைசியில் உழுது புழுதியாக்கி, புரட்டாதியில் காய்ந்த நெல்லை அந்தப் புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். மழை பிந்தினால் எறும்பும் குருவியும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் புழுதிக்குள் பொறுத்துக் கிடக்கும். அரைகுறை மழைதான் பொல்லாதது. நெல்லை முளைக்க வைத்துவிட்டு அது போய்விட்டால், முளை வெயிலில் கருகிவிடும். ஆகவே எந்த நாளில் விதைப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய கேள்வி.

அந்தக் கேள்வியை அப்பா குளக்கட்டுப் பிள்ளையாரிடம் கேட்பார். மருதமரத்தின் கீழ் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் அது. வெள்ளிக்கிழமை காலையில் தலை தோய்ந்துவிட்டு, நந்தியாவட்டை இதழ் ஒன்றையும் செவ்வரத்தை இதழ் ஒன்றையும் தனித்தனி வாழையிலைத் துண்டுகளில் வைத்து, ஒரே அளவாக மடித்து, நாரினால் கட்டுவார். இரண்டு பொட்டலங்களையும் பிள்ளையாரின் காலடியில் போட்டுக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் விதைக்கலாம். சிவப்பு வந்தால் அடுத்த வெள்ளி வரை பொறுக்க வேண்டும். பூக்கட்டிப் பார்ப்பது என்று இதற்குப் பெயர். கலியாணம் பேசும்போதும் வீடு கட்டும்போதும் எங்கள் பக்கத்துச் சனங்கள் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வருடம் தவறாமல் விதைப்புக்குப் பார்க்கிறவர், எனக்குத் தெரிய, அப்பா ஒருவர்தான்.

பொட்டலத்தை எடுப்பது சின்னப் பிள்ளையின் கையாக இருந்தால் நல்லது என்பார்கள். சண்டை முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த முதல் வருடத்திலிருந்து அந்தக் கை என்னுடையதாக இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எடுப்பேன். அப்பா பிரிப்பார். சிவப்பு வந்தாலும் அவர் முகம் கோணாது. "சரி, அவருக்கு இன்னும் நேரம் வரேல்லை" என்று சொல்லி, பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயில் ஒரு துண்டை எனக்குத் தருவார்.

பக்கத்து வயல்காரர் ஒருவருக்குச் சொந்தமாக ட்ரக்டர் இருந்தது. அவருடைய காணி பள்ளத்தில். வாய்க்கால் தண்ணீர் ஏறும். நினைத்த நாளில் விதைப்பார். எங்கள் வரம்பால் போகும்போதெல்லாம் அப்பாவைச் சீண்டுவார்.

"என்னண்ணை, பிள்ளையார் இன்னும் கையெழுத்து வைக்கேல்லையோ?"

"உடைஞ்ச கொம்பால எழுதுறவர் தம்பி. ஆறுதலாத்தான் எழுதுவார்."

பத்தாம் ஆண்டில் கணித பாடத்தில் நிகழ்தகவு படித்தேன். அந்தப் புரட்டாதியில் கோயிலடியில் வைத்தே அப்பாவிடம் சொன்னேன்: "அப்பா, ரெண்டு பொட்டலம், ரெண்டு நிறம். அரைக்கு அரை. காசு சுண்டிப் பாக்கிறதும் இதுவும் ஒண்டுதான். இதில கடவுள் ஒண்டும் இல்லை." இனிமேல் எடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்: "என்ர பிள்ளை பிள்ளையாருக்கே கணக்குப் படிப்பிக்கிறாள்." அவருக்கு அதில் அவ்வளவு பெருமை. அதற்குப் பிறகு பொட்டலங்களைக் கட்டியவரும் அவர்தான், எடுத்தவரும் அவர்தான்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. அப்பா இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர். அம்மா பள்ளிக்கூடத்துக்கே போகாதவர். அண்ணா படித்திருப்பான்; அதற்கு அவனுக்குக் காலம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆளும் பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். படித்தது விவசாயம். வீட்டுக்கு வருகிற கடிதம், மருந்துப் போத்தலின் மேல் ஒட்டிய துண்டு, உரப் பையில் அச்சடித்த எழுத்து எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். இருவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

இனி அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டை எங்கள் பக்கம் நெருங்கி வந்தபோது எனக்கு ஏழு வயது. அண்ணாவுக்குப் பதினைந்து. அந்த வருடம் பள்ளத்தில் குத்தகைக்கு எடுத்திருந்த காணியில், வாய்க்கால் தண்ணீரில் விளைந்த சிறுபோக நெல் மஞ்சள் பிடித்து நின்றது. அயலவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளிக்கிட்டுவிட்டார்கள். போவதா, நெல்லை வெட்டிக்கொண்டு போவதா என்ற கேள்வியோடு அப்பா குளக்கட்டுக்குப் போனார். திரும்பி வந்து, "வெள்ளைப் பூதான். நிண்டு வெட்டிப்போட்டுப் போவம்" என்றார். நின்று வெட்டினோம். நான்கு நாட்கள் பிந்தி வெளிக்கிட்டோம். முதலில் போனவர்கள் ஒரு கீறலும் இல்லாமல் விசுவமடுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எங்களுக்கு ரோட்டில் செல் குண்டு விழுந்தது. அண்ணா, வெட்டிய நெல்மூட்டைகளைக் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

அந்த வெள்ளைப் பூவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். நான் கடவுளை நம்பாமல் விட்டதற்கு நிகழ்தகவைக் காரணமாகச் சொன்னேனே தவிர, உண்மையான காரணம் அந்தப் பூதான்.

பட்டப்படிப்பை முடித்து வந்த முதல் புரட்டாதி. வேலை இன்னும் கிடைக்கவில்லை. விண்ணப்பங்களை அனுப்பிவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். படித்த பிள்ளை சும்மா இருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. என் படிப்பு இந்த வயலிலாவது தெரிய வேண்டும் என்று நினைத்தேன். காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் மழைக் கணக்கை வரைபடமாக வரைந்து அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அம்மா, "வடிவாக் கிடக்கு" என்றார்.

அப்பா இரண்டு வெள்ளிக்கிழமைகள் பூக்கட்டிப் பார்த்துவிட்டார். இரண்டும் சிவப்பு. மூன்றாவது வெள்ளிக்கு முதல் நாள், ஞாயிறும் திங்களும் நல்ல மழை என்று போன் காட்டியது. நெல்லை ஊறவைத்து உலர்த்தி விதைத்தால் கெதியாக முளைக்கும் என்று படித்திருந்தேன். அப்பா சந்தைக்குப் போன நேரம் விதைநெல் முழுவதையும் பெரிய பிளாஸ்டிக் பரலில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். முழுவதையும்.

பின்னேரம் அப்பா வந்து பரலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆர் நெல்லை ஊறப்போட்டது?"

"நான்தான் அப்பா. ஞாயிறு, திங்கள் மழை. இப்ப விதைச்சால் மற்றவையின்ர பயிருக்கு முந்தி எங்கடது நிக்கும்."

"நாளைக்கெல்லே வெள்ளி. பூக்கட்டிப் பாக்காமல் எப்பிடி?"

"விதைச்சுப்போட்டுப் போய்ப் பாருங்கோவன்."

"சிவப்பு வந்தால்?"

"வந்தால் நெல்லைத் திருப்பிப் பொறுக்குவம்."

அம்மா குசினிக்குள் இருந்து சிரித்தார். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். அவர் பரலின் விளிம்பைத் தடவிக்கொண்டு, "அவர் தாற நேரத்தில தருவார் பிள்ளை. நாங்கள் முந்தக் கூடாது" என்றார். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்டைக்கும் அவர்தானே நேரம் சொன்னவர்? அண்டைக்கும் வெள்ளைப் பூதானே வந்தது? அண்ணா எங்க அப்பா?"

குசினிக்குள் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. பரலுக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல்லை அள்ளினார். தண்ணீர் விரல்களுக்கிடையால் வடிந்து முடியும் வரை வைத்திருந்தார்.

"சரி. நீ படிச்சனி" என்றார்.

மறுநாள் அவர் கோயிலுக்குப் போகவில்லை. நெல்லை வடித்துப் பாயில் உலர்த்தினார். வெயில் தாழத் தொடங்கியதும் கடகப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு விதைக்க இறங்கினார். வழக்கமாக விதைக்கும்போது ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே போவார். அன்று ஒரு சத்தமும் இல்லை. நான் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றி பெற்றவள் போல நின்றேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நின்றேன்.

போன் பொய் சொல்லவில்லை. ஞாயிறு மழை பெய்தது. திங்களும் கொஞ்சம் பெய்தது. புதன்கிழமை வயல் முழுவதும் ஊசி ஊசியாகப் பச்சை. ட்ரக்டர்காரர் வந்து பார்த்து, "அண்ணை, இனிப் பிள்ளையாருக்கு ஓய்வூதியம் குடுத்திட்டுப் பிள்ளையைக் கேளுங்கோ" என்றார். நான் சிரித்தேன். அப்பா குனிந்து ஒரு முளையின் அடி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

அதன் பிறகு மழை இல்லை. ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை. காய்ந்த நெல்லாக விதைத்திருந்தால் அந்தச் சின்ன மழைக்குப் பாதியாவது முளைக்காமல் புழுதிக்குள் பொறுத்துக் கிடந்திருக்கும். நான் ஊறவைத்ததில் ஒரு மணிகூட மிச்சமில்லாமல் முளைத்திருந்தது. எல்லாம் ஒன்றாகவே மஞ்சளாகி, ஒன்றாகவே கருகின. பின்னேரங்களில் அப்பா வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் இருந்த கொஞ்சத்துக்கு ஊற்றினார். இரண்டு ஏக்கருக்கு வாளித் தண்ணீர். ஐப்பசி நடுவில் பெருமழை பிடித்தபோது நனைய அங்கே புல்தான் இருந்தது. திரும்ப விதைக்க வீட்டில் நெல் இல்லை. அந்த மாரி முழுவதும் அப்பா மற்றவர்களின் வயலுக்குப் புல்லுப் பிடுங்கவும் வரம்பு கட்டவும் கூலிக்குப் போனார். அதிகமான நாட்கள் ட்ரக்டர்காரரின் வயலில். அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒரு பகிடியும் விடவில்லை. எனக்கு அதுதான் அதிகம் நொந்தது.

அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார்.

"அண்டைக்கு வெள்ளைப் பூ வரேல்லை."

எனக்கு விளங்கவில்லை. "எண்டைக்கு அம்மா?"

"இடம்பெயர்ந்த நேரம். அவர் பூக்கட்டிப் பாக்கேல்லை. நான்தான் நெல்லை விட்டிட்டு வரமாட்டன் எண்டு அழுதனான். அதுக்கு முதல் இடம்பெயர்வில நீ என்ர வயித்தில. கஞ்சிக்கும் வழியில்லை. ரெண்டு மூட்டையாவது கொண்டுபோவம் எண்டு காலைப் பிடிச்சனான். அவருக்குப் போகத்தான் மனம். கோயிலடி மட்டும் போயிட்டு, ஒரு பூவும் பிடுங்காமல் திரும்பி வந்து, எனக்காக வெள்ளைப் பூ எண்டு சொன்னவர். முகாமில வைச்சுத்தான் எனக்குச் சொன்னவர்."

திருவலையின் சத்தம் நின்றது.

"அண்டைக்குக் கேக்கேல்லை எண்டுதான் பிள்ளை, இவ்வளவு காலமும் ஒவ்வொரு விதைப்புக்கும் கேட்டவர். நீ படிச்சனி. தெரியாததைக் கதைச்சுப்போட்டாய்."

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ என்னையெல்லே கேப்பாய், அண்ணா எங்கையெண்டு. அதுக்குத்தான் அவர் சொல்ல விடேல்லை."

நான் குளக்கட்டுக்குப் போய் மருதமரத்தின் கீழ் வெகுநேரம் இருந்தேன். அப்பா ஊர் திரும்பிய பிறகுதான் விதைப்புக்குப் பூக்கட்டத் தொடங்கினார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது; முதல் பொட்டலத்தை எடுத்தவளே நான்தான். அதற்கு முன் அவர் மற்ற எல்லோரையும் போலத்தான் விதைத்தார். இது ஏன் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அவருடைய பொறுமையைப் படிக்காத மனிதரின் பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை பிள்ளையாரைக் கேட்காமல் தானே முந்திப் பதில் சொன்னதற்காக, வருடா வருடம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவரை நான் மறுபடியும் முந்த வைத்தேன். அதுவும் கடவுளின் பெயரில் அவர் சொன்ன ஒரே ஒரு பொய்யை எடுத்து, அதனாலேயே அடித்து.

அன்று பின்னேரம் மன்னிப்புக் கேட்கத்தான் வாசல் படலையடியில் நின்றேன். அப்பா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, "தபால்காரர் வந்தவரே? உனக்கு ஏதும் கடிதம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வரும்" என்றார். மண்வெட்டியை வாங்கிக் கழுவி வைத்தேன். மன்னிப்பை இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கமக்காரர்களுக்கு விவசாய ஆலோசனை சொல்லும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பயிலுநர் வேலை கிடைத்தது. மறுபடி புரட்டாதி வந்தது. கடனாக வாங்கிய விதைநெல் மூட்டையாக வீட்டில் இருந்தது. முதல் வெள்ளி போனது; அப்பா கோயில் பக்கம் திரும்பவில்லை. இரண்டாவது வியாழக்கிழமை நான் வேலையால் வந்து சைக்கிளை நிறுத்த முன்பே கேட்டார்.

"கந்தோரில என்ன சொல்லினம் பிள்ளை? எப்ப விதைக்கிறது?"

அவர் கேட்ட விதம் எனக்குத் தெரிந்த விதம். கடிதத்தை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிற குரல். வயலைப் பற்றி அவர் யாரிடமும் அந்தக் குரலில் கேட்டதில்லை. கருகிய பயிர் அடுத்த மழைக்கு வந்துவிடும். பிள்ளையாரிடம் கேட்டு நின்ற அவருடைய நம்பிக்கையை எந்த மழை திருப்பித் தரும் என்று எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு வெள்ளி அப்பா. பூக்கட்டிப் பாப்பமோ?"

"ஏன்? நீ போனில பாத்துச் சொல்லன்."

"போனில மழை எண்டு கிடக்கு. ஆனா எனக்குத் தெரியாது அப்பா."

அவரிடம் 'தெரியாது' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் இதழ்களை நான் பிடுங்கினேன். கட்டத் தெரியாமல் ஒரு பொட்டலம் பெருத்துவிட்டது. அப்பா வாங்கி அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். "நீயே எடு" என்றார்.

"என்ர கை பெரிசாப் போச்சு அப்பா. சின்னப் பிள்ளையின்ர கையெல்லே வேணும்?"

"அவருக்கு உன்ர கை தெரியும்."

கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு. அரைக்கு அரை என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு பிழை என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் பொறுத்தோம். அடுத்த வெள்ளியும் சிவப்பு. அதற்கடுத்த வெள்ளி வெள்ளை வந்தது. காய்ந்த நெல்லாகவே விதைத்தோம். மழை எட்டாம் நாள் தொடங்கியது. விளைச்சல் சுமார்தான். எங்களுக்கு இரண்டு வாரம் முந்தி விதைத்த மேட்டுக்காணிக்காரர்களுக்கும் விளைந்தது. ஒருவருக்கு எங்களைவிடக் கூடவே விளைந்தது. பொறுத்திருந்ததால் கடவுள் அள்ளித் தந்தார் என்று எழுத எனக்கும் விருப்பம்தான். அப்படி நடக்கவில்லை.

கடவுளின் நேரம் எப்போதும் சரி என்று நான் நம்பிவிட்டேன் என்று சொன்னால் அது அண்ணாவுக்கு முன்னால் பொய்யாகிவிடும். அவனுடைய அந்த நாளில் யாருடைய நேரம் நடந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் சிவப்புப் பூவைப் பார்த்துவிட்டு, கோபம் இல்லாமல் வரம்பால் நடந்து வீட்டுக்கு வர இப்போது முடிகிறது. விதைநெல் மூட்டை ஒரு கிழமை மூலையில் கிடந்தால் கிடக்கட்டும் என்று விட முடிகிறது. முதலில் அதுவும் அப்பாவுக்காகச் செய்த நடிப்பாகத்தான் இருந்தது. எந்த வெள்ளியிலிருந்து நடிப்பு இல்லாமல் போனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அப்பாதான் பழையபடி ஆகவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவர் பூவைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறார். சிவப்பு வந்தால், "நீ என்ன சொல்லுறாய்?" என்று மெதுவாகக் கேட்கிறார்.

அதனால் இந்த வருடம் ஒன்று செய்தேன். பொட்டலத்தை எடுத்து, பிரிக்காமல் அவருடைய உள்ளங்கையில் வைத்துவிட்டு, குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தண்ணீர் வற்றி, பட்ட மரக் கட்டைகள் வெளியே தெரிந்தன. நார் அறுகிற சத்தம் கேட்டது.

"என்ன அப்பா?"

"சிவப்பு."

நான் திரும்பவில்லை.

"அப்ப... பொறுப்பம்" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "என்ன?" என்றும் கேட்டார்.

அந்த 'என்ன' பிள்ளையாரிடமா என்னிடமா என்று தெரியவில்லை. என்னிடமாக இருக்கக் கூடாது என்று கும்பிட்டேன்.